நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் தசைநாண் வலி: இடம் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஓட்டப் பயிற்சிக் குழுவில் புதியவர்களோடு பல வருடங்களாக ஓடிவருகிறேன். மருத்துவன் அல்ல. ஆனால் மாரத்தானுக்குத் தயாராகும் மாதங்களில் ஒரே புகார்கள் திரும்பத் திரும்ப வரும்: குதிகால், முழங்கால் சில்லு, இடுப்பின் பக்கவாட்டு. கேட்கும் கேள்விகளும் பார்க்கும் சோதனைகளும் மாறுவதே இல்லை. அவற்றை இடம்வாரியாக எழுதிவைத்திருக்கிறேன். முழுவதும் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வலிக்கும் இடத்துக்குப் போங்கள். அதற்கு முன் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, "டப்" என்று சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகால் தசைநாண் (தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். சோதனை எளிது. குப்புறப் படுத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கெண்டைக்கால் சதையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது, அல்லது மிகக் குறைவாக அசையும். "நடக்க முடிகிறதே, விரலை அசைக்க முடிகிறதே" என்று இருந்துவிடாதீர்கள். வேறு தசைகள் அந்த வேலையைச் செய்யும். அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு கால் மட்டும் கெண்டைப் பகுதியில் வீங்கி, சூடாகி, கனத்து வலித்தால் அது ரத்தக்குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். நீண்ட பயணத்துக்குப் பிறகோ பல நாள் படுக்கைக்குப் பிறகோ வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். தேய்த்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனை.

எலும்பின் மேல் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் வலி, ஓட ஓடக் கூடுகிறது, இரவில் படுத்தாலும் விடவில்லை என்றால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். தசைநாண் வலி உடல் சூடேறியதும் தணியும்; விரிசல் தணியாது. கால் ஊன்றும்போது தொடை இடுக்கில் வலித்தால் ஒரு ஓட்டம்கூட ஓடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் முழு முறிவாக மாறினால் அறுவை வரை போகும்.

அடுத்து மருந்து. கடந்த சில வாரங்களில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? இந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கும், அறுந்துபோகவும் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையையே சேர்க்கச் சொன்னது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்தும் பாதிப்பு தெரியலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள்.

ஓடலாமா, கூடாதா: எல்லா இடத்துக்கும் பொதுவான சோதனை

ஓடும்போது எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தசைநாண் தாமதமாகப் பதில் சொல்லும். கடும் ஓட்டத்துக்குப் பிறகு முதல் ஒன்றிலிருந்து ஒன்றரை நாள் வரை அதற்குள் சிதைவு, கட்டுமானத்தை மிஞ்சி நிற்கும். அதன் பிறகுதான் கணக்கு நேராகும். ஆகவே தீர்ப்பு மறுநாள் காலையில்தான்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். ஓட்டத்தின்போது 3 வரை இருக்கலாம். கீழே சொல்லும் பயிற்சிகளின்போது 5 வரை பொறுக்கலாம். ஆனால் மறுநாள் காலை நிலைமை முந்தைய நாள் காலையைப் போலவே இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து இறங்கி இயல்பாக நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிவையுங்கள். 5 நிமிடம் ஆனது 15 ஆகியிருந்தால், நேற்று வலியே இல்லாமல் ஓடியிருந்தாலும், நேற்றைய ஓட்டம் அதிகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்தச் சோதனையே செல்லாது.

அறிகுறி 1: காலையில் குதிகாலுக்கு மேலே விறைப்பு, ஓடினால் சரியாகிறது, பிறகு வலிக்கிறது

நெடுந்தூரக்காரர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இதுதான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குதிகால் தசைநாணைப் பிடித்து, குதிகால் எலும்பிலிருந்து மேலே மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். 2 முதல் 6 செ.மீ. உயரத்தில் ஓரிடத்தில் "ஆ" என்பீர்கள். மறுகாலோடு ஒப்பிட்டால் அந்த இடம் சற்றுத் தடித்தும் இருக்கும்.

*மலிவான காரணத்திலிருந்து தொடங்குவோம்.*

ஓட்டக் குறிப்பேட்டை எடுங்கள். கடந்த 4 வாரங்களில் என்ன மாறியது? எல்லோரும் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் தூரத்தைவிட வேகமும் மேடும்தான் குதிகாலை அதிகம் படுத்துகின்றன. வாரத் தூரம் அப்படியே இருக்க, புதிதாக ஒரு வேக ஓட்ட நாள் சேர்ந்திருக்கும். அல்லது மேட்டுச் சாலைக்கு மாறியிருப்பார். கூடியதை எடுத்துவிட்டு, சமதரையில், மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு வாரம் ஓடிப் பாருங்கள். பலருக்கு இதோடு முடிந்துவிடும்.

அடுத்து ஷூ. குதிப் பகுதி தாழ்ந்த, தட்டையான ஷூவுக்கு அண்மையில் மாறினீர்களா? அதில் குதிகால் தசைநாணுக்குச் சுமை கூடும். பழைய வகைக்கே திரும்புங்கள். ஷூவைச் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது.

மூன்றாவது, கெண்டைக்கால் வலு. சுவரில் விரலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். நல்ல நிலையில் உள்ளவர் 25 முறை அளவுக்குச் செய்வார். மாரத்தான் ஓடி முடித்தவர்கள்கூட 12-இல் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரு கால்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் ஷூ கடைக்குப் போக வேண்டாம், படிக்கட்டுக்குப் போங்கள்.

படிக்கட்டுப் பயிற்சியைப் பரவலாக்கியவர் ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன். 1998-இல் வெளியான அவருடைய முறை இது. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள். நல்ல காலால் மேலே ஏறுங்கள். எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்குங்கள். முழங்கால் நேராக 15 முறை, மூன்று சுற்று. முழங்கால் சற்று மடக்கி 15 முறை, மூன்று சுற்று. காலையும் மாலையும். வாரம் 7 நாளும், 12 வாரம். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும். இவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு வாரம் 3 நாள், அதிக எடையோடு, மிக மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்கும் முறையும் உண்டு. 2015-இல் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. எதைத் தொடர்ந்து செய்வீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் பலன் தெரியாது. "செய்து பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை" என்று வருகிறவர்களிடம் எத்தனை வாரம் என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் இந்தக் கட்டத்தில் விட்டவர்கள்தான்.

*கிளை: விரலை வைத்துப் பாதத்தை ஆட்டினால் கரகரக்கிறது.* தசைநாணைச் சுற்றிய உறை வீங்கியிருக்கிறது. மேலே சொன்ன எதையும் இப்போது செய்யாதீர்கள். அசைவே அதைக் கிளறும். கரகரப்பு அடங்கும்வரை ஓட்டத்தை நிறுத்தி, ஐஸ் வைத்து, ஷூவுக்குள் குதி உயர்த்தி வையுங்கள். அதன் பிறகு படிக்கட்டு.

*கிளை: இரு கால்களிலும் தசைநாண் தடித்திருக்கிறது, பெரிதாக வலியில்லை.* ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் குதிகால் தசைநாணில் படிந்து தன்னைக் காட்டிக்கொள்வது உண்டு. சர்க்கரையும் யூரிக் அமிலமும் சேர்த்தே பாருங்கள்.

*எப்போது மருத்துவர்?* 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் காலை விறைப்பு குறையவில்லை என்றால் விளையாட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அதிர்வலைச் சிகிச்சை அடுத்த படி. அறுவை என்பது ஆறு மாதத்துக்கு மேல் எல்லாம் முயன்று தோற்ற பிறகு எழும் பேச்சு. குதிகால் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். சில வாரம் சுகமாக இருக்கும். நார் பலவீனப்பட்டு அறுந்துபோகும் ஆபத்து உண்டு. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு இந்த ஊசியைத் தேடிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

அறிகுறி 2: குதிகால் எலும்பிலேயே, தசைநாண் ஒட்டும் இடத்தில் வலி

முந்தையதற்கு இரண்டு விரல் கீழே இருக்கும் வலி. ஆனால் சிகிச்சையில் ஒரு முக்கிய மாற்றம் உண்டு. இங்கே தசைநாண் எலும்பின் மேல் அழுந்துவதுதான் பிரச்சினை. பாதம் மேல்நோக்கி மடங்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் கூடும். ஆகவே படிக்குக் கீழே குதிகாலை இறக்காதீர்கள். சமதரையில் நின்று தூக்கி இறக்குங்கள், போதும். சுவரைத் தள்ளிக்கொண்டு கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். நல்லெண்ணத்தில் காலையும் மாலையும் இழுத்து இழுத்தே பல மாதம் வலியை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சரிபார்க்கும் வரிசை: ஷூவின் பின்பட்டை சரியாக அந்த இடத்தில் உரசுகிறதா? ஷூவுக்குள் 1 செ.மீ. அளவு குதி உயர்த்தி வைத்தால் குறைகிறதா? வெறுங்காலோடு வீட்டில் நடக்கிறீர்களா? மேட்டு ஓட்டம் சேர்ந்ததா?

*கிளை: இரண்டு குதியிலும் வலி, வயது நாற்பதுக்குக் கீழ், காலையில் கீழ்முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறது.* இது ஓட்டத்தால் வந்ததாக இல்லாமல், முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாத நோயின் அடையாளமாக இருக்கலாம். பயிற்சியைத் தொடங்குமுன் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி 3: முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே

காலை நீட்டி, தொடையைத் தளரவிட்டு, சில்லின் கீழ் நுனியை அழுத்துங்கள். அந்த ஒரே புள்ளியில் வலி, இறங்குமுகச் சாலையிலும் படி இறங்கும்போதும் கூடுகிறது என்றால் சில்லுத் தசைநாண். சில்லைச் சுற்றி எங்கு என்று சொல்ல முடியாத மந்தமான வலி என்றால் அது வேறு. சில்லுக்குப் பின்னால் இருக்கும் மூட்டு. ஓடுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம்.

தசைநாண்தான் என்றால் முதலில் இறங்குமுகத்தையும் குதிக்கும் பயிற்சிகளையும் வெட்டுங்கள். வலி அதிகமாக உள்ள நாட்களில் அசையாப் பிடிப்பு உதவும்: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல 45 வினாடி, ஐந்து முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வு. பலருக்கு அப்போதே வலி இறங்கும். அது தற்காலிகம். நிரந்தரத்துக்கு எடையோடு மெதுவான உட்கார்ந்தெழும் பயிற்சி வேண்டும், பல வாரங்களுக்கு. ஓட்டத்தில் ஒரு நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டி, ஒவ்வொரு அடியின் எட்டைச் சுருக்குவதும் முழங்காலின் சுமையைக் குறைக்கும்.

முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, காலை நேராக நீட்டித் தூக்க முடியாவிட்டாலோ மருத்துவர்.

அறிகுறி 4: முழங்காலின் வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரத்தில் தொடங்குகிறது

"நாலாவது கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை, அப்புறம் கத்தியால் குத்துவது போல." நடந்தால் போய்விடும், ஓடினால் அதே தூரத்தில் திரும்ப வரும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடையின் வெளிப்புறத்தில் ஓடும் பட்டை, முழங்கால் 30 பாகை அளவு மடங்கும்போது எலும்பை அழுத்துவதால் வருவது. கண்டிப்பாகச் சொன்னால் இது தசைநாண் அல்ல, சவ்வுப் பட்டை; கேட்பவர்கள் அதிகம் என்பதால் சேர்த்திருக்கிறேன்.

சாலையின் ஒரே ஓரத்தில், சரிவில் ஓடுகிறீர்களா? இறங்குமுகமா? ஒரே திசையில் மைதானத்தைச் சுற்றுகிறீர்களா? இவற்றை மாற்றுங்கள். வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நிறுத்திப் பழகுங்கள்: நான்காவதில் வலித்தால் மூன்றில் நிறுத்துங்கள். வலியோடு இழுத்துக்கொண்டு ஓடுவது இங்கே ஒருபோதும் பலிக்காது. கூடவே ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது போன்ற இடுப்புப் பக்கத் தசைப் பயிற்சிகள். உருளையை வைத்துப் பட்டையை நசுக்குவதால் அது நீளப்போவதில்லை. அது அவ்வளவு உறுதியான திசு.

அறிகுறி 5: உட்கார்ந்தால் பிட்டத்தின் அடியில் வலி

நாற்காலியில் எந்த எலும்பின் மேல் உட்காருகிறோமோ அங்கே பின்தொடைத் தசைநாண் ஒட்டுகிறது. வேக ஓட்டத்திலும் மேட்டிலும் வலிக்கும். நெடுநேரம் வாகனம் ஓட்டினால் தாங்காது. முதலில் செய்ய வேண்டியது: குனிந்து கால்விரலைத் தொடும் நீட்டல் பயிற்சிகளை நிறுத்துவது. இறுக்கமாக உணர்வதால் எல்லோரும் நீட்டுகிறார்கள்; நீட்ட நீட்டத் தசைநாண் எலும்பில் அழுந்தும். எட்டைச் சுருக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், மல்லாந்து படுத்து இடுப்பை மேலே தூக்கும் பாலப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

மரமரப்பு, கூச்சம் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அது தசைநாண் அல்ல, நரம்பு. முதுகைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். இந்த இடம் ஆறிவர மாதக்கணக்கில் ஆகும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: இடுப்பின் பக்கவாட்டில் வலி, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை

நாற்பதைக் கடந்த பெண்களிடம் அதிகம். சோதனை: வலிக்கும் காலில் மட்டும் 30 வினாடி நில்லுங்கள், இடுப்பின் வெளி எலும்பில் வலி எழுந்தால் பிட்டத் தசைநாண். தூங்கும்போது இரு முழங்கால்களுக்கு நடுவே தலையணை, உட்காரும்போது கால் மேல் கால் போடாமை, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து நிற்காமை. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். இந்த மூன்றை மட்டும் மாற்றித் தூக்கம் திரும்பியவர்கள் உண்டு. வலுவூட்டல் அதற்கு அடுத்தது.

அறிகுறி 7: உள்கணுக்காலின் பின்புறம் வலி, பாதம் தட்டையாகிறது

இந்த இடத்தில் பொறுமை காட்டாதீர்கள். பாதத்தின் வளைவைத் தாங்கும் தசைநாண் இங்கேதான் போகிறது. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குங்கள். தூக்க முடியவில்லை, அல்லது தூக்கும்போது குதிகால் உள்பக்கம் திரும்பவில்லை என்றால் தசைநாண் தளர்ந்துகொண்டிருக்கிறது. யாரையாவது பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வெளிப்பக்க விரல்கள் அதிகம் தெரிந்தால் வளைவு விழுந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி அந்த வாரமே மருத்துவர். விட்டுவிட்டால் வளைவு நிரந்தரமாக விழலாம்.

தூக்க முடிகிறது, வலி மட்டும்தான் என்றால் வளைவுக்குத் தாங்கல் உள்ள உள்பட்டையும், குதிகால் தூக்கும் பயிற்சியும், சமதரையும்.

வெளிக்கணுக்காலின் பின்புறம் வலித்தால் பழைய சுளுக்கு ஒன்று ஆறாமல் இருக்கிறதா என்று யோசியுங்கள். பாதத்தைச் சுழற்றும்போது தசைநாண் எலும்பின் மேல் "டக்" என்று தாண்டுவது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 8: வலி போய்விட்டது, தூரத்தைக் கூட்டினால் திரும்ப வருகிறது

கேட்டால் இரண்டில் ஒன்று வெளிவரும். முழு ஓய்வு எடுத்து வலி நின்றதும் பழைய தூரத்துக்கே தாவியிருப்பார். ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் வலுப்பெறாது. அல்லது வலி போன அன்றே பயிற்சியை விட்டிருப்பார்.

திரும்பும் வரிசை: 30 நிமிட விறுவிறு நடை மறுநாள் காலைச் சோதனையில் தேற வேண்டும். பிறகு ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. ஓட்ட நாட்களுக்கு இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி. முதலில் தூரம், பிறகு வேகம், கடைசியில் மேடு. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள். வலுப் பயிற்சி வாரம் இரண்டு முறை என்று தொடரட்டும், ஓடும் காலம் வரை.

அறிகுறி 9: வலியே இல்லை, ஸ்கேனில் கோளாறு தெரிகிறது

வலியே இல்லாத ஓட்டக்காரர்களின் தசைநாணிலும் அல்ட்ராசவுண்டில் மாற்றங்கள் தெரிவது வழக்கம். வலி முழுதாகப் போன பிறகும் படம் பழையபடியே இருக்கலாம். குதிகால் தசைநாணின் உட்பகுதித் திசு ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு மிகக் குறைவாகவே புதுப்பிக்கப்படுகிறது என்று 2013-இல் வெளியான கதிரியக்கக் கரிமக் கணக்கீடு காட்டியது. ஆகவே படம் அழகாக வேண்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. குதிகாலைத் தூக்கும் எண்ணிக்கை இரு கால்களிலும் சமமாக இருக்கிறது, காலை விறைப்பும் இல்லை என்றால் மறு ஸ்கேனுக்குப் போகாமல் ஓடலாம். ஸ்கேன் அறிக்கையில் பகுதியளவு கிழிசல் என்று எழுதியிருந்தால் மட்டும் அதை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு ஓடுங்கள்.